வெங்காயக் கப்பலும் பத்து நிமிஷமும்

கேபிள் நிலையத்தின் வாசலில் நின்று அவளுடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் காவலாளி தலையைச் சொறிவார். "பத்து நிமிஷத்தைப் பார்க்கணும்" என்று சொன்னால் போதும். "ரெண்டாம் மாடி, ஜன்னலோர மேசை. டீ குடிக்கிற நேரமாப் பார்த்துப் போங்க, இல்லன்னா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாங்க" என்று முழு விவரமும் வந்து விழும்.

அந்தப் பட்டப்பெயர் அவளோடு ஒட்டிக்கொண்டு பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. கடலுக்கடியில் கிடக்கும் கேபிள் அறுந்துபோனால், அறுத்தது எந்தக் கப்பல் என்று அவள் பத்து நிமிஷத்துக்குள் சொல்லிவிடுவாள். அது மந்திரமுமில்லை, தந்திரமுமில்லை. கேபிள் என்பது தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயைவிடக் கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். அதற்குள் தலைமுடி போலச் சில கண்ணாடி இழைகள். ஊர் உலகத்தின் தொலைபேசிப் பேச்சு, பரீட்சை முடிவு, மாமியார் மருமகள் சண்டை, காதலர்களின் கோபதாபம் எல்லாம் அதற்குள்தான் ஓடிக்கொண்டிருக்கும். மேலே போகிற கப்பல் ஒன்று தெரிந்தோ தெரியாமலோ நங்கூரத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு போனால், அத்தனை பேச்சும் ஒரே நொடியில் நின்றுவிடும்.

அப்போது அவள் மூன்று கேள்விகள் கேட்பாள். எப்போது அறுந்தது? அதை அலாரம் சொல்லிவிடும். எங்கே அறுந்தது? கரையிலிருந்து கேபிளுக்குள் ஒரு துளி வெளிச்சத்தை அனுப்பினால், அறுந்த முனையில் முட்டித் திரும்பி வரும். போய்வந்த நேரத்தை வைத்து இத்தனை கிலோமீட்டர் என்று கருவி சொல்லும். மூன்றாவது கேள்விதான் அவளுடைய வித்தை. அந்த நேரத்தில், அந்த இடத்தில், யார் நொண்டிக்கொண்டு போனது?

கப்பல்கள் தாங்கள் யார், எங்கே, என்ன வேகம் என்று சில நொடிகளுக்கொரு முறை தாமாகவே அறிவித்துக்கொண்டு போகும். அவளுடைய திரையில் அவை சின்னச் சின்ன முக்கோணங்களாக ஊர்ந்துகொண்டிருக்கும். நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போகிற கப்பலின் நடையே வேறு. எஞ்சின் அதே வேகத்தில் ஓடும், கப்பல் மட்டும் போகாது. "செருப்பு வாரு அறுந்தவன் நடக்கிற மாதிரி இருக்கும்" என்பாள். இருநூறு முக்கோணங்களுக்கு நடுவே அந்தச் செருப்பறுந்த நடையைக் கண்டுபிடிக்க அவளுக்கு அரை டம்ளர் டீ போதும்.

கல்லூரியில் கணக்குப் படித்தவள். படிப்பு முடிந்ததும் கிடைத்த முதல் வேலை, இதே நிலையத்தின் தரைத்தளத்தில் புகார் கேட்கிற வேலை. "லைன் போச்சு" என்று கத்துகிறவர்களுக்கு "பார்க்கிறோம் சார்" என்று சொல்ல வேண்டும். மூன்று வருஷம் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஒருநாள் நிஜமாகவே பார்ப்போமே என்று தோன்றி, எழுதிக் கொடுத்து, பரீட்சை எழுதி, இரண்டாம் மாடிக்கு ஏறிவிட்டாள்.

அங்கேதான் கணவர் கிடைத்தார். கிடைத்தார் என்றால், முதல் இரண்டு வருஷம் வெறும் குரலாக. அறுந்த கேபிளைத் தூக்கி ஒட்டுகிற பழுதுக் கப்பலில் அவர் இணைப்பாளர். முடியளவு கண்ணாடி இழைகளை ஒன்றோடொன்று பொருத்தி உருக்கி ஒட்டுவது அவர் வேலை. ஒருநாள் ரேடியோவில் கூப்பிட்டார்.

"மேடம், நீங்க சொன்ன இடத்துல கேபிளே இல்ல."

"இருக்கு சார். நல்லாத் தேடுங்க."

"ரெண்டு மணி நேரமாத் தேடறோம் மேடம்."

"ஆம்பளைங்க தேடினா அப்படித்தான் சார். சட்டை கண்ணு முன்னாடி தொங்கும், காணோம்னு வீட்டையே புரட்டிப் போடுவீங்க. இன்னும் அம்பது மீட்டர் தள்ளிப் போங்க."

கப்பல் முழுக்கச் சிரித்ததாம். ஐம்பது மீட்டர் தள்ளிக் கேபிள் இருந்தது. கரைக்கு வந்ததும் முதல் வேலையாக இரண்டாம் மாடிக்கு ஏறிவந்து, "அந்தச் சட்டைக்காரன் நான்தான்" என்று வாசலில் நின்றார். பத்து நிமிஷம் என்று பெயர் வைத்தவரும் அவரே. கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குப் புடவை மாற்ற முக்கால் மணி நேரம் ஆவதைப் பார்த்துவிட்டு, "கப்பலுக்கு மட்டும்தான் அந்தப் பேரு போல" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. நீல அட்டை. ஒவ்வொரு பழுதின் போதும் எத்தனையாவது கிலோமீட்டரில் வெட்டினார்கள், எத்தனை மீட்டர் புதுக் கேபிள் சேர்த்தார்கள் என்று அதில் எழுதுவார். கப்பலின் முறையான அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போய் ஏதோ ஒரு அலமாரியில் படுத்துத் தூங்கும். நிலையத்துக்கு உயிர்நாடி இந்த நோட்டுதான். சேர்த்த நீளத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால் எல்லாமே இடம் மாறிப்போகும். வெளிச்சத்துக்கு நேர்வழி, சுற்றுவழி தெரியாது. கேபிள் எப்படி வளைந்து கிடக்கிறதோ அப்படியே ஓடி வந்து நீளத்தைச் சொல்லும். அவர் கரைக்கு வந்ததும் நோட்டைப் பார்த்து அவள் வரைபடத்தைத் திருத்துவாள். பதினான்கு வருஷம் இருவரும் இப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழுதை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், பன்னிரண்டாம் நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

வீட்டில் மிஞ்சியது அவளும் நாத்தனாரும். நாத்தனார் தையல்காரி. கீழ்த்தளத்தில் கடை, மேலே வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, "அளவெடுத்துப் பார்த்தேன், ஒண்ணும் சரியா உக்காரல" என்று முடித்துக்கொள்வாள். அண்ணன் போன பிறகு அண்ணியும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுத்தே நாட்களைத் தள்ளினார்கள். எத்தனை வம்பிழுத்தாலும் படுக்கையறை மேசையின் கீழ் இழுப்பறையை இருவரும் திறப்பதில்லை. நீல நோட்டு அதற்குள் கிடந்தது.

வெங்காயக் கப்பல் சம்பவம் நடந்த நாள், காலை ஆறு மணி ஷிப்டுக்கு வந்து அவள் முதல் டீயை வாயில் வைத்தபோது அலாரம் அடித்தது. மணி ஆறு பன்னிரண்டு. வெளிச்சத்தை அனுப்பிப் பார்த்தாள். நாற்பத்தொன்றரைக் கிலோமீட்டருக்கு நூறு மீட்டர் கூட. திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். ஒரு சின்னச் சரக்குக் கப்பல் சரியாக அந்தக் கோட்டின் மேல் இருந்தது. மணிக்கு ஒன்பது கடல் மைலில் போய்க்கொண்டிருந்த வேகம் திடீரென்று நான்காக விழுந்து, மூக்கும் லேசாகத் திரும்பியிருந்தது. அசல் செருப்பறுந்த நடை. அதே நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் கரைப்பக்கமாக ஒரு பெரிய கப்பலும் கோட்டைத் தாண்டியிருந்தது. அதன் வேகமும் பன்னிரண்டிலிருந்து ஒன்பதுக்குக் குறைந்திருந்தது. ஆனால் இடம் பொருந்தவில்லை. சின்னக் கப்பலைத் தாண்டும்போது பெரியது நிதானிப்பது வழக்கம்தான். அதை விட்டுவிட்டாள்.

ஆறு இருபத்தொன்றுக்கு, அறுத்தது எது என்று சொல்லும் அடையாளத் தாளில் கையெழுத்துப் போட்டுத் துறைமுகத்துக்கு அனுப்பினாள். ஒன்பது நிமிஷம்.

"முடிஞ்சுது!" என்றார் மேனேஜர். அவருக்கு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வார்த்தைதான். குரலை வைத்துத்தான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இது நல்ல 'முடிஞ்சுது'.

துறைமுகம் அந்தச் சின்னக் கப்பலைத் திரும்பி வரச் சொல்லிக் கட்டிப்போட்டது. மாலை மூன்று மணிக்கு விசாரணை. அவளுடைய தாள் உறுதியானால் கேப்டனின் உரிமம் அங்கேயே பறிபோகும், கப்பல் வழக்கு முடியும்வரை நகர முடியாது. கப்பல் நிறைய வெங்காயம். வழக்கு முடியும்வரை வெங்காயம் காத்திருக்காது.

பத்தரை மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"அந்த பத்து நிமிஷம் மேடம் நீங்கதானா?" வயதான குரல். மூச்சு வாங்கியது.

"ஆமா. நீங்க யாரு?"

"நீங்க ஒன்பதே நிமிஷத்துல கழுத்தறுத்தீங்களே, அந்தக் கேப்டன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "சொல்லுங்க சார்."

"மேடம், நான் நங்கூரம் போடவே இல்ல. போடவும் முடியாது. வலது நங்கூரம் பட்டறையில இருக்கு, ரசீது காட்டறேன். இடது நங்கூரத்து மேல புறா கூடு கட்டியிருக்கு."

"என்னது?"

"புறா மேடம். சரக்குக்காக மூணு வாரம் சும்மா கட்டிக் கிடந்தோமில்லையா, அந்த நேரத்துல வந்து உக்காந்துடுச்சு. சங்கிலி போற ஓட்டை வாயில கூடு. ரெண்டு முட்டை. நேத்துக் கிளம்பறப்பகூட எழுந்திருக்க மாட்டேன்னுடுச்சு. நங்கூரத்தை விட்டிருந்தா கூடு என்னத்துக்கு ஆகும், நீங்களே சொல்லுங்க."

"அப்போ வேகம் ஏன் சார் குறைஞ்சுது?"

"பின்னாடி ஒரு பெரிய கப்பல் வந்துச்சு. வழி விட்டேன் மேடம். வழி விட்டது ஒரு குத்தமா?"

அவள் உடனே துறைமுக அதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"கூடு இருக்குங்க. யாரு இல்லன்னா? ஆனா பிடிச்சதுக்கப்புறம் அவரே கொண்டுவந்து வெச்சிருக்கலாமே."

"முட்டையையும் அவரே போட்டிருப்பாரா சார்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, பதினெட்டு வருஷமா உங்க தாள் ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. நான் உங்களை நம்பட்டுமா, புறாவை நம்பட்டுமா?"

"மூணு மணி வரைக்கும் ரெண்டு பேரையும் நம்பாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

நாற்காலியில் சாய்ந்தாள். புறாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அலாரத்தின் கடிகாரம் சரி. அப்படியென்றால் இடம் தப்பு. கேபிள் வரைபடத்தில் இருப்பதைவிட நீளமாக இருந்தால், வெளிச்சம் சொல்லும் நாற்பத்தொன்றரை உண்மையில் அதைவிடக் கரைக்குப் பக்கத்தில் இருக்கும். எவ்வளவு பக்கத்தில்? இரண்டு கிலோமீட்டர் பக்கத்தில் இருந்தால் அந்தப் பெரிய கப்பல் வந்து உட்கார்ந்துவிடும். வரைபடத்தில் ஏறாத நீளம் எங்கே இருக்கிறது?

அது அவளுக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் காது சூடானது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நிலையத்தில் காகித வரைபடத்தை எடுத்துவிட்டுக் கணினி வைத்தார்கள். பழுதுகள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றும் வேலையை அவளிடம்தான் கொடுத்தார்கள். பழைய வரைபடத்தைப் பார்த்தே ஒவ்வொன்றாக ஏற்றினாள். அறுபத்து மூன்று பழுதுகள். கடைசிப் பழுது மட்டும் அந்த வரைபடத்தில் இல்லை. அது அவர் கடைசியாகப் போய்வந்தது. அதை வரைபடத்தில் திருத்தும் முன்பே அவர் போய்விட்டார். அது நோட்டில் மட்டும்தான் இருந்தது. நோட்டைத் திறக்க வேண்டும். நாளைக்கு என்று வைத்தாள். அடுத்த வாரம் என்று வைத்தாள். அதற்குப் பிறகு அந்தக் கேபிள் அறுந்ததும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. பத்து நிமிஷத்தைப் போய் யார் கேட்பார்கள்?

மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது.

"முடிஞ்சுது" என்றார். இது கெட்ட 'முடிஞ்சுது'. "தலைமை அலுவலகத்துல அந்த அறிக்கை இருக்குமே?"

"கேட்டேன் சார். தேடி எடுக்க ரெண்டு நாள் ஆகுமாம்."

"அப்போ பேசாம இருந்துடலாமா? விசாரணையில அவங்களே ஏதாவது..."

"சார், அந்த ஆளு வழி விட்டதுக்கு உரிமத்தை விட்டுட்டு நிக்கப் போறாரு."

மேனேஜர் தன் கைக்குட்டையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "சரி. நோட்டு எங்கே?"

வீடு அங்கிருந்து ஒன்றரை மணி நேரம். கேபிள் அறுந்து கிடக்கும்போது இரண்டாம் மாடியை விட்டு இறங்க முடியாது. நாத்தனாரைக் கூப்பிட்டாள். தையல் மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே குரல் வந்தது.

"என்ன அண்ணி, டிபன் பாக்ஸை மறந்துட்டீங்களா? அதை நான் பதினோரு மணிக்கே தின்னுட்டேன்."

"அது இல்ல. மேலே போ. என் மேசை, கீழ் இழுப்பறை."

மெஷின் நின்றது.

"எந்த இழுப்பறை?"

"உனக்குத் தெரியும் எந்த இழுப்பறைன்னு."

படியேறும் சத்தம் கேட்டது. இழுப்பறை இறுகிப்போயிருந்தது போல, இரண்டு மூன்று தடவை இழுக்கும் சத்தம். பிறகு காகிதம் புரளும் சத்தம்.

"எடுத்துட்டேன். என்ன பார்க்கணும்?"

"கடைசிப் பக்கம்."

"அண்ணி..." நாத்தனார் குரல் கொஞ்சம் மாறியது. உடனே தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அண்ணன் கையெழுத்து இருக்கே, டாக்டர் பாத்தாக்கூடப் பயப்படுவாரு. இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன்."

"நிதானமாப் படி."

"'கிலோமீட்டர் இருபத்திரண்டு. பழைய கேபிள் பாறை மேட்டுல உரசித் தேஞ்சு போச்சு. மேட்டைச் சுற்றி வளைச்சுப் போட்டோம்.' அப்புறம் ஒரு படம் போட்டிருக்கான், முழங்கை மாதிரி இருக்கு. 'புதுசாச் சேர்த்த நீளம்...' இது ஒண்ணா ஏழா? ஒண்ணு. 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது மீட்டர்.'"

அவள் எழுதிக்கொண்டாள். கை எழுதியதே தவிர எண்ணைப் பார்க்கவில்லை. காது அந்தக் குரலுக்குள் இருந்த இன்னொரு குரலைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அடுத்து?"

"'இணைப்பு ரெண்டு. ரெண்டும் நல்லா உக்காந்துச்சு. கடல் மோசம். சமையல்காரர் மூணாம் நாளா உப்பு போட மறந்துட்டார்.'" நாத்தனார் சிரித்துவிட்டாள். "சாப்பாட்டைப் பத்தி இதுலயும் எழுதியிருக்கான் பாருங்க, தின்னிப் பண்டாரம்."

"அடுத்து என்ன இருக்கு?"

"அவ்வளவுதான். கீழ ஒரே ஒரு வரி." நிறுத்தினாள். "'நீலச் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் போச்சு. வீட்டுக்குப் போனதும் தைக்கச் சொல்லணும்.'"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"சொன்னானா அண்ணி, உங்ககிட்ட?"

"இல்ல. உன்கிட்ட?"

"என்கிட்டயும் சொல்லல. வீட்டுல ஒரு தையல்காரியை வெச்சுக்கிட்டு..." மூக்கை உறிஞ்சினாள். "மடையன்."

"சரி, வெச்சிடறேன். நான் ஒரு கப்பலைப் பிடிக்கணும்."

"பிடிங்க, பிடிங்க. பத்து நிமிஷம் இன்னும் ஆகலையா?"

இருபத்திரண்டாம் கிலோமீட்டருக்குப் பிறகு எல்லாவற்றிலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது மீட்டரைக் கழித்தாள். அறுந்த இடம் வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டர் கரைப்பக்கம் நகர்ந்தது. நகர்ந்துபோய் அந்தப் பெரிய கப்பலின் பாதையில் சரியாக விழுந்தது. காலையில் விட்டுவிட்ட அதன் நடையை இப்போது நிமிஷம் நிமிஷமாக ஓட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு, பதினொன்று, ஒன்பது. இருபது நிமிஷம் ஒன்பதிலேயே திணறல். கேபிளைத் தாண்டிய அடுத்த நிமிஷம் ஒரு சின்னக் குலுக்கல், பிறகு மறுபடி பன்னிரண்டு. சின்னதை நெருங்குவதற்கு வெகு நேரம் முன்பிருந்தே அது திணறிக்கொண்டு வந்திருந்தது. செருப்பு வார் இங்கேதான் அறுந்திருந்தது. காலையில் இன்னும் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்திருந்தால் அப்போதே கண்ணில் பட்டிருக்கும்.

புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். திருத்தம் எழுதத் தனித் தாள் உண்டு, கட்டு பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. பதினெட்டு வருஷத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. 'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. மேனேஜர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கணினிப் பிழைன்னு போடுங்களேன். கணினி கோவிச்சுக்காது."

அவள் எழுதினாள்: 'பழுது எண் அறுபத்து நான்கைக் கணினியில் ஏற்ற வேண்டியவள் நான். ஏற்றவில்லை. அதனால் இடத்தைத் தவறாகச் சொன்னேன்.' கீழே கையெழுத்து.

மணி ஒன்று ஐம்பது. துறைமுக அதிகாரியைக் கூப்பிட்டாள்.

"சார், புறாவை நம்புங்க."

"என்னக்கா சொல்றீங்க?"

"நான் தப்பாச் சொல்லிட்டேன். திருத்தத் தாள் வருது. இன்னொரு பேரு தர்றேன், பெரிய கப்பல். சாயங்காலத்துக்குள்ள எல்லையைத் தாண்டிடும். அந்தப் பக்கம் இருக்கிற ரோந்துப் படகை அனுப்பி அதோட நங்கூரத்தைப் பார்க்கச் சொல்லுங்க."

"நீங்க தப்பாச் சொன்னீங்களா?" அவர் குரலில் கோபமில்லை. யாரோ சூரியன் மேற்கே உதித்தது என்று சொன்ன மாதிரி ஒரு திகைப்புதான். "இருங்க, உக்காந்துக்கறேன்."

ரோந்துப் படகு இரண்டே முக்காலுக்குப் பெரிய கப்பலைப் பிடித்தது. நங்கூரம் பாதி இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நகங்களில் ஒன்று வளைந்திருந்தது, அந்த வளைவில் கேபிளைச் சுற்றியிருக்கும் தார் பூசிய நூல் ஒரு முழம் சிக்கியிருந்தது. சங்கிலியைப் பூட்டுகிற கட்டையை யாரோ சரியாகப் போடவில்லை, அதுவாக நழுவியிருக்கிறது. அந்தக் கப்பலின் கேப்டன் முதலில் நம்பவில்லை. "ஏதோ சத்தம் கேட்டுச்சு, காத்துன்னு நினைச்சோம்" என்றாராம். நூலைக் காட்டியதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாராம்.

மூன்று மணி விசாரணை மூன்று ஐந்துக்கே முடிந்தது. வெங்காயக் கேப்டனின் உரிமம் அவர் பையிலேயே இருந்தது. ஆனால் ஆளைச் சும்மா விட்டுவிடவில்லை. ஒரு நங்கூரம் பட்டறையில், இன்னொன்றில் புறா. இரண்டும் இல்லாமல் கடலில் ஓடியதற்குத் துறைமுக அதிகாரி அரை மணி நேரம் நின்று திட்டினார். பட்டறை நங்கூரம் வந்து மாட்டும்வரை, அதாவது மறுநாள் காலைவரை, கிளம்பக் கூடாது என்றார். வெங்காயம் ஒரு நாள் தாங்கும்.

மறுநாள் காலை அவள் ஷிப்டில் இருந்தபோது ரேடியோ கரகரத்தது.

"பத்து நிமிஷம் மேடம், வெங்காயம் கிளம்புது."

"போயிட்டு வாங்க கேப்டன். மன்னிச்சிடுங்க. என் அவசரத்துல உங்களுக்குக் கஷ்டம்."

"அதை விடுங்க மேடம். நாப்பது வருஷமா எத்தனையோ பேர் என்னைத் தப்பாச் சொல்லியிருக்காங்க. தப்பாச் சொன்னேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நீங்க ஒருத்தர்தான். அந்தத் தாளோட நகல் கேட்டு வாங்கியிருக்கேன், வீட்டுல காட்டப் போறேன். என் சம்சாரத்துக்கு ஒரு பாடமா இருக்கும்."

"புறா எப்படி இருக்கு?"

"உக்காந்திருக்கு. பட்டறை நங்கூரத்தை வலது பக்கம் மாட்டிட்டோம், இடது பக்கம் அதுக்குத்தான். ஒண்ணு கேக்கறேன் மேடம், இனிமே யாரைப் பிடிச்சாலும் இன்னும் ஒரு பத்து நிமிஷம் கூட எடுத்துக்குங்க."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று முதல் ஒரு பழக்கம் வந்தது. பத்து நிமிஷத்தில் கப்பலைக் கண்டுபிடிப்பாள். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அது இல்லை என்று நிரூபிக்க இன்னொரு பத்து நிமிஷம் முட்டி மோதுவாள். அது முடியாமல் தோற்ற பிறகுதான் கையெழுத்து. ஒரு மாதத்துக்குள் காவலாளி வரைக்கும் சேதி போய், "இருபது நிமிஷமா? ரெண்டாம் மாடி" என்று சொல்லத் தொடங்கினார். மேனேஜருக்குத்தான் வருத்தம். பழைய பெயரில் ஒரு மிடுக்கு இருந்ததாம். அவளுக்குப் புதுப் பெயர் பிடித்திருந்தது. "புடவை கட்டற நேரத்துக்குக் கொஞ்சம் கிட்ட வந்திருக்கு" என்றாள்.

கேப்டன் கிளம்பிய அன்று மாலை வீட்டுக்குப் போனபோது கடை சாத்தியிருந்தது. மேலே, மேசை மேல் நீல நோட்டு திறந்தபடி கிடந்தது. பக்கத்தில் நீலச் சட்டை, துவைத்துத் தேய்த்து. ஒரு ஊசி, நூல், பொத்தான் டப்பா. நாத்தனார் நாற்காலியில் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீயே தைச்சிருக்கலாமே."

"உங்ககிட்டதான் சொல்லணும்னு எழுதியிருக்கான்."

"யார்கிட்டன்னு எழுதல. 'தைக்கச் சொல்லணும்'னு மட்டும்தான் இருக்கு."

"எழுதலன்னா? உங்ககிட்டதான். எனக்குத் தெரியாதா என் அண்ணனை? என்கிட்ட கொடுத்தா கூலி கேப்பேன்னு பயம் அவனுக்கு."

அவள் உட்கார்ந்து டப்பாவைக் கிளறினாள். சரியான நீலம் கிடைக்கவில்லை. வெள்ளையில் ஒன்றை எடுத்தாள். நாத்தனார் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலு தையல் போட்டதும் பொறுக்க முடியவில்லை.

"இப்படித் தைச்சா ஒரு வாரத்துல விழுந்துடும் அண்ணி. அடியில நூலைச் சுத்துங்க. இன்னும். ஐயோ, கேபிள் கட்டற மாதிரி சுத்தறீங்க!"

"அவரும் அப்படித்தான் சுத்துவாரு. பதினாலு வருஷம் ஒண்ணுகூட அவுந்ததில்ல."

நாத்தனார் நாற்காலியை நகர்த்திக் கிட்ட வந்தாள். குனிந்து பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டாள்.

அடுத்த நாள் நோட்டை அலுவலகத்துக்கு எடுத்துப் போய், பழுது எண் அறுபத்து நான்கைக் கணினியில் ஏற்றினாள். இடம்: கிலோமீட்டர் இருபத்திரண்டு. சேர்த்த நீளம்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது மீட்டர். இணைப்புகள்: இரண்டு. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. மற்ற அறுபத்து மூன்றிலும் அதை அவள் காலியாக விட்டிருந்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதில் தட்டச்சு செய்தாள்: 'பொத்தான் தைக்கப்பட்டது.'

இன்றைக்கும் அந்தக் கேபிளின் விவரத்தைத் திறக்கிறவர்கள் அந்த வரியைப் பார்த்துவிட்டு, இது என்ன புதுவகை இணைப்பு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் யாரும் அழிக்கவும் இல்லை.